கதியால் போல வெட்டாதீர்கள்: கனடாவில் முதன்முதலாக நத்தார் மரம் வாங்குபவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ வளர்ந்த எங்களுக்கு நத்தார் மரம் என்பது பெரும்பாலும் ஒரு சவுக்குக் கிளைதான். மார்கழி 22, 23ஆம் திகதி வாக்கில் அதை வெட்டி வந்து, வாளியில் ஈரமணல் நிரப்பி ஊன்றி, பஞ்சைப் பிய்த்துப் பனியாகத் தூவி, அடியில் பாலன் குடிலை வைத்துவிட்டால் வேலை முடிந்தது. நாலைந்து நாளில் கிளை காய்ந்தாலும் யாரும் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் அதற்குள் பண்டிகையும் முடிந்துவிடும். இங்கே மரம் மார்கழி முதல் வாரத்திலேயே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. மூவிராசாக்கள் திருநாளான தை 6 வரை, ஏறத்தாழ ஐந்து வாரம், ஹீற்றர் இரவு பகலாக ஓடும் வறண்ட அறையில் அது பச்சையாக நிற்க வேண்டும். இந்த வித்தியாசத்தை நான் உணராததால் ஸ்காபரோவில் எங்கள் முதலாவது நத்தார் மரமில்லாமல் கழிந்தது. 75 டொலரும் போனது.

மரம் வாங்கப் புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. கொண்டோவிலோ வாடகைத் தொடர்மாடியிலோ இருப்பவர்கள் தங்கள் கட்டட விதிகளை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்; தீக்குப் பயந்து உண்மையான மரத்தை முற்றாகத் தடுத்திருக்கும் கட்டடங்கள் பல உண்டு. நிலக்கீழ் அறையில் குடியிருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், அதோடு கூரையின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். மரத்தை நிறுத்தித் தண்ணீர் ஊற்றி வைக்கும் தாங்கிக்கும் உச்சி நட்சத்திரத்துக்கும் சேர்த்து ஒரு அடி வேண்டும் என்பதால், ஏழடிக் கூரைக்கு ஆறடி மரமே அதிகபட்சம். வெட்டவெளியில் சிறியதாகத் தெரியும் மரம் வீட்டுக்குள் வந்ததும் ஒரு சுற்றுப் பெருத்துவிடும்.

இனி மரத்தின் இனம். பால்சம் ஃபிர் கிழக்குக் கனடாவின் சொந்த மரம், வாசனைக்காகவே வாங்குபவர்கள் உண்டு. ஃபிரேசர் ஃபிர் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைத்தொடரைச் சேர்ந்தது. அதன் கிளை உறுதியானது, இலை நீண்ட நாள் உதிராது. ஸ்புரூஸ் விலை குறைவாகக் கிடைக்கலாம், ஆனால் சூட்டில் அதுதான் முதலில் இலை கொட்டும். வெள்ளை ஸ்புரூஸின் இலையைக் கசக்கி முகர்ந்தவர்கள் மறுமுறை முகரமாட்டார்கள். பெயர்ப் பலகையை நம்பாமல் ஓர் இலையைக் கிள்ளி விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். தட்டையாக இருந்து உருள மறுத்தால் ஃபிர், நாற்பக்கமாக இருந்து உருண்டால் ஸ்புரூஸ், இரண்டு முதல் ஐந்து வரை நீண்ட ஊசிகள் ஒரே கொத்தாக வந்தால் பைன்.

கடைக்கு வரும் மரங்களில் பல கார்த்திகையிலேயே வெட்டி வலையில் சுற்றப்பட்டவை. ஆகவே கிளையொன்றை உள்ளங்கையால் மெல்ல இழுத்துப் பாருங்கள். பச்சை இலை கையோடு வந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். உட்பக்கத்திலிருந்து மண்ணிறமான பழைய இலை உதிர்வது இயல்பானது, அதற்குப் பயப்பட வேண்டாம். கடுங்குளிரில் உறைந்து நிற்கும் மரத்தில் மட்டும் இந்தச் சோதனை பலிக்காது. ரொறன்ரோவை விட்டு ஒரு மணி நேரம் காரில் போகக்கூடியவர்கள் பண்ணையில் தாங்களே வெட்டியெடுப்பது நல்லது, அந்த மரம் என்று வெட்டுப்பட்டது என்ற கேள்வியே எழாது.

என்னை விழுத்தியது மரத்தின் அடிப்பகுதி. நான் ஒரு வாகனத் தரிப்பிடத்து மரக் கடையில் நல்ல ஃபிரேசர் ஃபிர் ஒன்றைத்தான் தெரிவுசெய்தேன். கடைக்காரப் பையன் மரம் அறுக்கும் வாளை எடுத்து, "அடியை வெட்டித் தரவா?" என்று கேட்டான். வேலி அடைத்து வளர்ந்த எனக்கு மரம் வெட்ட இவனா சொல்லித் தருவது என்ற எண்ணத்தில் வேண்டாமென்று கொண்டுவந்துவிட்டேன். ஓர் இரவு முழுவதும் அது காரின் மேலேயே கிடந்தது. மறுநாள் பார்த்தால் அடி தாங்கியின் வளையத்துக்குள் நுழையவில்லை. வீட்டுக்காரரின் வாளை இரவல் வாங்கி, வேலிக்கு நடும் கிளுவைத் தடிக்கு, அதாவது கதியாலுக்கு, செய்வதுபோல அடியைச் சரிவாக வெட்டி, குசினிக் கத்தியால் நாலு விரற்கடை உயரத்துக்குப் பட்டையையும் அதன் கீழிருந்த வெள்ளை மரத்தையும் சுற்றிவரச் சீவி, கூராக்கி இறக்கினேன். வேலை அச்சொட்டாகப் பொருந்தியதில் எனக்கு அளவில்லாத பெருமை.

கதியாலுக்கு அந்த வெட்டுச் சரி. அலவாங்கால் குத்திய குழிக்குள் அது இறங்க வேண்டும், மண்ணுக்குள் வேர் விட வேண்டும். நத்தார் மரம் வேர் விடப் போவதில்லை. வெட்டுமுகத்தின் வழியாக நீர் குடிப்பது ஒன்றுதான் அது செய்யக்கூடியது, அந்த நீரும் ஏறுவது பட்டையை அடுத்து உள்ள வெளிப்புற மரத்தின் வழியாகவே. தண்டின் நடுவில் இறுகிய வைர மரம் நீரை ஏற்றுவதில்லை. சீவி எறிந்ததன் மூலம் நான் மரத்தின் வாயையே சீவி எறிந்திருக்கிறேன். அதைவிட, வெட்டுமுகம் காற்றுப்பட்டு ஆறு எட்டு மணித்தியாலம் இருந்தால் பிசின் கசிந்து அதை அடைத்துவிடும், பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஏறாது. அதனால்தான் அந்தப் பையன் வெட்டித் தரவா என்று கேட்டிருக்கிறான். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தடிப்புள்ள ஒரு வட்டை, தண்டுக்குச் செங்குத்தாக, நேராக அறுத்தெடுக்க வேண்டும். சரிவாக வெட்டினால் மரம் ஆடும், தண்ணீர் மட்டம் சிறிது இறங்கியதுமே வெட்டின் ஒரு பக்கம் வெளியே வந்துவிடும். அறுத்த மரத்தை நேரே வீட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் வையுங்கள். வழியில் சுணங்கினால் வீட்டில் இன்னொரு வட்டு அறுக்க வேண்டும். அடி தாங்கிக்குப் பெரிதென்றால் தாங்கியை மாற்றுங்கள், அடியை மாற்றாதீர்கள்.

எட்டு நாளாகத் தாங்கியில் தண்ணீர் குறையவேயில்லை. அதைக் கண்டு, சிக்கனமான மரம் வாய்த்திருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். தண்ணீர் குறையாத மரம் செத்துக்கொண்டிருக்கும் மரம் என்பதை ஒன்பதாம் நாள், மகள் ஒரு கண்ணாடி உருண்டையைத் தொட்டபோது அரைக் கிளை இலை அப்படியே கீழே கொட்டியதும்தான் அறிந்தேன். 23ஆம் திகதி எங்கள் நிலக்கீழ் அறைக்கு இறங்கிவந்த வீட்டுக்காரர், சூடான காற்று வரும் துவாரத்துக்கு இரண்டடி தள்ளி மரம் காய்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இண்டைக்கே வெளியில போடும்" என்றார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால் அவர் சொன்னதில் பிழையே இல்லை. காய்ந்த ஊசியிலை மரத்தில் தீப்பிடித்தால் அறை முழுவதும் பரவ நிமிடங்கூட ஆகாது. நடுச்சாமப் பூசை முடிந்து வந்து, வெறும் சுவரோரம் இருந்த பாலன் குடிலைப் பார்த்த பிள்ளைகளின் முகத்தை இன்னும் மறக்கவில்லை.

அடுத்த வருடம் அதே இன மரத்தை நேராக அறுத்து வைத்தோம், முதல் நாளிலேயே மூன்றரை லீற்றர் குடித்தது. தண்டின் குறுக்களவில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் கொள்ளக்கூடிய தாங்கியை வாங்குங்கள். நாலங்குலத் தண்டுக்கு நாலு லீற்றர். மலிவுத் தாங்கிகள் இதில் பாதிகூடக் கொள்ளாது. முதல் வாரம் காலையும் மாலையும் பாருங்கள். ஏஜக்ஸில் இருக்கும் நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, மரம் வைத்த அன்றே இரவு வேலையும் தொடர்ந்து பகல் வேலையும் பார்த்துத் திரும்பியபோது தாங்கி வறண்டு கிடந்தது. உடனே நிரப்பினார், ஆனால் வெட்டுமுகம் மீண்டும் அடைபட்டிருந்ததால் மரம் குடிக்கவில்லை. மின்விளக்கு, உருண்டை, சரிகை அனைத்தையும் கழற்றி, மரத்தைச் சரித்து, மறுபடி அறுக்க வேண்டியதாயிற்று.

தண்ணீருக்குள் சீனி போடு, டிஸ்பிரின் போடு என்று தொலைபேசியில் வரும் ஆலோசனைகளைக் கேட்காதீர்கள். குழாய்த் தண்ணீரே போதும். தண்டில் துளையிடுவதாலும் பயனில்லை. மரத்தின் பக்கத்தில் சூடான காற்று வரும் துவாரம் இருந்தால் அதை மூடிவிடுங்கள் அல்லது மரத்தைத் தள்ளி வையுங்கள். எல்ஈடி விளக்குகள் அதிகம் சூடேறாதவை, அவற்றையும் படுக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். எங்கள் வீடுகளுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும்: குடிலுக்குள் வைக்கோல் பரப்பி அதன் முன் மெழுகுதிரி ஏற்றும் வழக்கத்தை மரத்தின் அடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். திரி ஏற்றத்தான் வேண்டுமென்றால் குடிலை வேறு மேசைக்கு மாற்றுங்கள்.

தை மாதத்தில் நகரசபை மரங்களை வீட்டு வாசலில் இருந்தே எடுத்துச் செல்லும், நாளைக் குப்பை நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். தாங்கியையும் சோடனைகளையும் முற்றாகக் கழற்றி, பிளாஸ்ரிக் பையால் மூடாமல் வையுங்கள். பனிக்குள் புதைந்து உறைந்துபோகவும் விடாதீர்கள். கையில் ஒட்டிய பிசின் சவர்க்காரத்துக்குப் போகாது, தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போகும். உதிர்ந்த இலைகளை வெற்றிடத் துப்புரவுக் கருவியால் உறிஞ்சினால் அதன் குழாய் அடைத்துக்கொள்ளும். தமிழ்க் கடையில் வாங்கிய ஈர்க்கு விளக்குமாறு வீட்டில் இருந்தால் முதலில் அதனால் கூட்டி அள்ளிவிடுங்கள்.