கொடிச்சீலை உபயம் செய்வது எப்படி? துணி எடுப்பது முதல் கொடியிறக்கம் வரை

கொடிச்சீலை என்பது திருவிழாத் தொடக்கத்தில் கோயில் கொடிமரத்தில் ஏற்றும், படம் தீட்டிய துணி. அதைச் செய்து கொடுப்பதுதான் இந்த உபயம். துணிக்கடைக்குப் போகும் முன் கோயில் அலுவலகத்துக்குப் போங்கள். பெருந்திருவிழாக் கொடியேற்ற உபயம் பல ஊர்களில் பரம்பரை உரிமை. யாழ்ப்பாணம் நல்லூரில் கல்வியங்காட்டுச் செங்குந்தர் மரபினரிடமிருந்துதான் கொடிச்சீலை வருகிறது. உங்கள் கோயிலிலும் அப்படி உரிமைக்காரர் இருந்தால் வாதாட வேண்டாம். கொடிக்கயிறு, தர்ப்பை, பூ என வேறு உபயம் கேளுங்கள். இடம் கிடைத்தால் பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, இரண்டு மாதம் முன்பே குருக்களைப் பாருங்கள்.

படி 1: துணி. நீள அகலத்தைக் குருக்கள்தான் சொல்ல வேண்டும். கோயிலுக்குக் கோயில் மாறும். புதிய வெள்ளைப் பருத்தி, நடுவில் ஒட்டுத் தையல் இல்லாமல். மூன்று மீட்டர் சீலைக்கு மூன்றரை மீட்டர் எடுங்கள். மேலே குச்சி நுழைக்கும் மடிப்புக்கும் ஓரத் தையலுக்கும் அது போய்விடும். கஞ்சி ஏறிய துணியில் வண்ணம் பிடிக்காது, உதிரும். நனைத்துக் கஞ்சி எடுக்கலாமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். சிலர் கோடித்துணியை நனைக்க விடமாட்டார்கள்.

படி 2: படம். சிவன் கோயிலுக்கு ரிஷபம், பெருமாளுக்குக் கருடன், பிள்ளையாருக்கு மூஷிகம், அம்மனுக்குச் சிங்கம். முருகனுக்கு மயிலா சேவலா என்பதை அந்தந்தக் கோயில் வழக்கப்படி கேட்டுக்கொள்ளுங்கள். மேலே சூரிய சந்திரர், குடை, பக்கங்களில் சாமரம். படத்தின் கண்ணைக் கோயிலில் வரைந்து திறக்கும் வழக்கமிருந்தால் ஓவியர் அதைத் தீட்டாமல் விட்டுவைக்க வேண்டும், முன்கூட்டியே சொல்லுங்கள். துணிக்குரிய வண்ணம்தான் தீட்ட வேண்டும். போஸ்டர் கலர் ஒரு தூறலில் வழிந்து ரிஷபமே கரைந்துவிடும். தீட்டி மூன்று நாளாவது விரித்துக் காயட்டும். ஈரத்தோடு மடித்தால் முகம் முகத்தோடு ஒட்டி, பிரிக்கும்போது பெயர்ந்து வரும்.

படி 3: கயிறு. பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். கயிறு கப்பி வழியே ஏறி இறங்குவதால் கொடிமர உயரத்தைப்போல் இரண்டு மடங்கு, முடிச்சுக்கு மேலும் ஐந்து மீட்டர்: 10 மீட்டர் மரத்துக்கு 25 மீட்டர். பருத்திக் கயிறே நல்லது. நைலானில் முடிச்சு நழுவும். கப்பியின் பள்ளத்தைவிடக் கயிறு தடித்தால் கொடி பாதியில் நிற்கும், கீழே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டே இருக்கும். முந்தின நாளே வெறுங்கயிற்றை ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மரத்தில் சுற்றும் தர்ப்பையைத் திரிக்கும் முன் தண்ணீர் தெளியுங்கள், காய்ந்தது ஒடியும்.

படி 4: ஒப்படைப்பு. தாம்பாளத்தில் சீலை, தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ, தட்சணை. தரையில் வைக்காதீர்கள். திருச்செந்தூரில் கொடிப்பட்டம் (கொடிச்சீலைதான்) வீதிவலம் வரும். சிறிய கோயிலில் பிராகாரம் ஒரு சுற்று போதும்.

ஏற்றும் நாள் லக்னத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். சங்கல்பத்துக்குப் பெயர், நட்சத்திரம், கோத்திரம் சீட்டில் எழுதிக் கொடுப்பது நல்லது. மேளச் சத்தத்தில் வாயால் சொன்னால் மாறிப்போகும். கூப்பிடாமல் கயிற்றைத் தொட வேண்டாம். திருவிழா முடிவில் சுவாமி நீராடும் தீர்த்தவாரிக்குப் பின் கொடி இறங்கும். இறக்கிய சீலையைக் குருக்களே கொடுத்தாலொழிய வீட்டுக்குக் கேட்காதீர்கள்.