ரோலை 35 ஃபிலிம் கேமராவை ஏலத்தில் எடுக்கும் முன்

விற்பவர் கேட்கும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டிப் பாருங்கள். உண்மையில் கைமாறிய தொகை அங்கேதான் தெரியும். 1966-இல் ஜெர்மனியில் தொடங்கிய தயாரிப்பு, பிறகு சிங்கப்பூருக்குப் போனது. ஜெர்மன் முத்திரைக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள். படம் எடுக்க மட்டும்தான் என்றால் சிங்கப்பூர் கேமராவே தாராளமாகப் போதும் என்பேன்.

முக்கியமாக, பின்மூடியைக் கழற்றி உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பேட்டரி இருக்கும் இடம் உள்ளேதான். அங்கே பச்சை பூத்திருந்தால், வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் செத்திருக்கலாம். பழைய பாதரச பேட்டரி இப்போது கடைகளில் வருவதில்லை, இப்போதைய பேட்டரியைப் பொருத்துவதற்கான அடாப்டர் செலவையும் சேர்த்தே ஏலம் கேளுங்கள். வந்து சேர்ந்ததும் ஃபிலிம் லீவரைச் சுற்றாமல் லென்ஸை உள்ளே தள்ளாதீர்கள். வலிந்து அழுத்தினால் கெட்டுவிடும்.