கோல்ஃப் பந்து மரத்தில் மாட்டிக்கொண்டால்

பெங்களூரில் புதிதாக கோல்ஃப் ஆடும் நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு. பந்து மரக்கிளையில் மாட்டிக்கொண்டால் உடனே உலுக்காதீர்கள், 'இதை ஆட முடியாத பந்தாக எடுத்துக்கொள்கிறேன்' என்று கூட ஆடுபவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம் உலுக்கினாலும் ஒரே ஒரு ஸ்ட்ரோக்தான் (கணக்கில் ஒரு அடி கூடுதல்) பெனால்டி. பந்துக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து இரண்டு கிளப் (கோல்ஃப் மட்டை) நீளத்துக்குள், குழியை நெருங்காமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை டிராப் செய்யலாம், அதாவது கையிலிருந்து கீழே விடலாம்.

ஆனால் தேடத் தொடங்கி 3 நிமிடத்துக்குள் பந்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அது உங்களுடையதுதான் என்று அடையாளமும் தெரிய வேண்டும், அதனால் பந்தில் மார்க்கரால் பெரிதாகக் குறி போட்டுவையுங்கள்.

சாயங்கால மழையில் ஃபேர்வேயில் (புல்லைக் குட்டையாக வெட்டிய ஆட்டப் பாதையில்) தேங்கிய தண்ணீரில் பந்து கிடந்தாலோ, அடித்த வேகத்தில் ஈரமண்ணில் புதைந்தாலோ பெனால்டியே கிடையாது, தாராளமாக எடுத்து டிராப் செய்யுங்கள். சிவப்பு, மஞ்சள் குச்சி நட்ட பகுதிக்குள் (குளம், ஓடை போன்ற பெனால்டி ஏரியா) இந்தச் சலுகை இல்லை.