நியாயப்பிரமாணமா, விசுவாசமா: நான் படிக்கும் முறை

மனிதனைக் கடவுள்முன் நீதிமானாக்குவது மோசேயின் சட்டமா (அதுதான் நியாயப்பிரமாணம்), விசுவாசமா என்ற கேள்வியோடு பைபிளைத் திறந்தால், முதலில் பவுல் எழுதிய கடிதமான கலாத்தியர் நிருபத்தை ஒரே மூச்சில் படியுங்கள். 6 அதிகாரம்தான், அரை மணி நேரம் போதும். நான் பல வருடம் ஒற்றை வசனங்களாகப் பிய்த்துப் படித்து, பவுலுக்குச் சட்டமே பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு பென்சிலோடு ஆதியாகமத்துக்குப் போங்கள். ஆபிரகாம் விசுவாசித்தது, அது நீதியாக எண்ணப்பட்டது 15:6. விருத்தசேதனக் கட்டளை (நுனித்தோலை நீக்கும் சடங்கு) வருவதோ 17ஆம் அதிகாரத்தில். இந்த வரிசையை ஓரத்தில் குறித்துவையுங்கள். ரோமர் 4இல் பவுலின் வாதம் முக்கியமாக இதன்மேல்தான் நிற்கிறது. கலாத்தியர் 3:17இல் இன்னும் ஒருபடி மேலே போய், நியாயப்பிரமாணம் 430 வருஷம் கழித்து வந்தது என்று கணக்கே சொல்கிறார்.

கலாத்தியர் 3:24இல் கொஞ்சம் நில்லுங்கள். நியாயப்பிரமாணம் நமக்கு உபாத்தியாய் இருந்தது என்கிறார் பவுல். 'உபாத்தி' என்றதும் நமக்கு வாத்தியார்தான் ஞாபகம் வருவார். கிரேக்கச் சொல் குறிப்பதோ, பையனைக் கவனித்துக்கொண்டு பள்ளிக்குக் கூட்டிப்போகும் அடிமையை. பையன் வளர்ந்ததும் அவர் வேலை முடிந்தது. இது தெரிந்த பிறகுதான் எனக்கு அந்த அதிகாரமே பிடிபட்டது.

கடைசியாக யாக்கோபு நிருபம் 2. மனுஷன் 'விசுவாசத்தினாலே மாத்திரமல்ல', கிரியைகளினாலேயும் (செயல்களாலும்) நீதிமானாக்கப்படுகிறான் என்ற 24ஆம் வசனத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். யாக்கோபு எடுக்கும் உதாரணம், ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த சம்பவம், ஆதியாகமம் 22. அதையும் பென்சிலால் குறித்துக்கொண்டு, அன்பினால் செயல்படும் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் சொல்லும் கலாத்தியர் 5:6ஐப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.