கூரை உயரத்தைப் பார்த்துச் செடி வாங்காதீர்கள்

குன்னூரில் வெள்ளைக்காரன் காலத்து வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். முன்னறைக் கூரை 14 அடி. சோபா, அலமாரி என்று எதைப் போட்டாலும் அதற்கு மேல் வெறுஞ்சுவர்தான் தெரியும். ஒரு மரத்தை வைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றி, கோயம்புத்தூர் நர்சரியில் ஃபிடில் லீஃப் என்கிற அகல இலை அத்திச்செடி ஒன்றை ஏழடி உயரத்தில் பார்த்ததும் பேரம்கூடப் பேசாமல் வாங்கி, ஜீப்பின் பின்னால் சாய்த்துக் கட்டி, பர்லியார் தாண்டுவதற்குள் காற்றில் இரண்டு இலை கிழிந்ததையும் பார்த்துக்கொண்டே மேலே கொண்டுவந்தேன். டிசம்பரில் இலையோரம் பழுப்படித்தது. பொங்கலுக்கு வெறும் குச்சி.

செடிமேல் குற்றமில்லை. அது மேற்கு ஆப்பிரிக்கத் தாழ்நில மழைக்காட்டு மரம். 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் அதற்கு ஆகாது. இங்கே ஜனவரி ராத்திரியில் கணப்பு அணைந்தபின் வீட்டுக்குள்ளேயே அந்த அளவுக்கு இறங்கிவிடுகிறது, ஊட்டியில் கேட்கவே வேண்டாம். 'பராமரிப்பே வேண்டாத மரங்கள்' என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் பாதி சென்னை ஃபிளாட்டுக்குத்தான் பொருந்தும். அரேகா பாம் என்கிற தொட்டிப் பனையும் அப்படியே. மடகாஸ்கரிலிருந்து வந்தது, மேட்டுப்பாளையத்தில் கொழுக்கும், இங்கே மஞ்சளடித்து நிற்கும்.

அடுத்து வெளிச்சம். கூரை உயரமாக இருந்தால் அறை வெளிச்சமாக இருக்கும் என்று ஒரு நினைப்பு. பழைய பங்களாக்களில் ஜன்னல் சின்னது, வெளியே வராந்தா வேறு மறைக்கும். தரையில் நன்றாக இருக்கும் வெளிச்சம் எட்டடி உயரத்தில் இருக்காது. மத்தியானம் செடி வைக்கப்போகும் இடத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்து அதன்மேல் கையை நீட்டுங்கள். நிழலின் விளிம்பு தெளிவாக விழுந்தால் நல்லது, மங்கலாக விழுந்தால் நிழல் தாங்கும் செடி மட்டும், நிழலே விழவில்லையென்றால் அங்கே ஒரு விளக்கை வைத்துவிடலாம். இதை வெயில் நாளில் செய்து ஏமாறாதீர்கள். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, அக்டோபர், நவம்பரில் வாரக்கணக்கில் சூரியனே தெரியாது. செடி அந்த வாரங்களையும் தாண்ட வேண்டும்.

ஆனால் மலையில் அதிகச் செடிகளைக் கொல்வது தண்ணீர்தான். இரண்டு நாளுக்கு ஒரு முறை என்று பழக்கத்தில் ஊற்றுகிறோம், பனிமூட்டத்தில் மண் பத்து நாளானாலும் காய்வதில்லை. "குளிர்ல நாமளே தண்ணி குடிக்கிறதில்ல, அது மட்டும் குடிக்குமா தம்பி?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. ஃபிடில் லீஃபைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பாகக் கொழகொழத்து, தோல் கையோடு உருவிக்கொண்டு வந்தது, சாக்கடை நாற்றம். விரலை இரண்டு கணு ஆழம் விட்டு, ஈரம் தட்டினால் ஊற்றாதீர்கள். உயரமான செடிக்குப் பெரிய தொட்டி என்பதும் தப்பு: வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி அழுகல் தொடங்கும். பழைய தொட்டியைவிட இரண்டு அங்குலம் அகலம் போதும், உயரம் வேண்டுமென்றால் கீழே முக்காலி போடுங்கள். கணப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

மலையின் சோலைக்காட்டுக்குள் போய் மரம்போல் வளரும் மரப்பெரணியைப் பெயர்த்து வருகிறவர்களும் உண்டு. காப்புக்காட்டில் அது குற்றம். போதாததற்கு, கணப்பு எரியும் அறையின் வறட்சியில் அதன் மட்டைகள் தொங்கிவிடும்.

சரி, எதை வாங்கலாம்? கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கிறார்களே, அந்த அரக்கேரியா குளிருக்கு அஞ்சாது. 1874-இல் தொடங்கிய சிம்ஸ் பூங்காவில் அந்த இனத்து மரங்கள் எப்படி நிற்கின்றன என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். ஆனால் நல்ல ஜன்னல் வேண்டும். இருட்டில் கீழ்க்கிளைகள் உதிரும், உதிர்ந்தது திரும்ப முளைக்காது. நுனியை வெட்டினால் வடிவமே போய்விடும். ரப்பர் செடி (தோட்டங்களில் பால் எடுக்கும் ரப்பர் மரம் அல்ல) நம் வடகிழக்கு மாநில மலைக்காரன், வேகமாக வளரும், அதனால் மூன்றடியில் வாங்கினால் போதும். கூரையைத் தொட்டால் வெட்டுங்கள், கிளைத்துக்கொள்ளும். வெட்டும்போது கீழே செய்தித்தாள் விரியுங்கள், பால் சொட்டும், சிலருக்கு அது தோலில் பட்டால் அரிக்கும்.

வெளிச்சம் குறைவான மூலைக்கு என் ஓட்டு ராஃபிஸ் பனைக்கு. குளிரும் தாங்கும், நிழலும் தாங்கும், ஆனால் ஆமை வேகம். சின்னதாக வாங்கி வளர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அதற்குள் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார், ஆகவே வேண்டிய உயரத்திலேயே வாங்குங்கள். என்னிடம் இப்போது இருப்பது ஆறடி, இரண்டடி முக்காலி மேல். கணப்புக் கரி இலைகளில் படிவதால் மாதம் ஒரு முறை ஏணி போட்டு ஈரத்துணியால் துடைக்கிறேன். பராமரிப்பே வேண்டாம் என்று எழுதுகிறவர்கள் இந்த ஏணியைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.