ஃபைல்ஸில்லா திரையில் பாதியை மறைத்துவிடுங்கள்

காரைக்குடியில் என் சித்தப்பா ஆத்தங்குடி கல் வியாபாரம் செய்கிறார். புது டிசைன் படங்களை அவரே வெப்சைட்டில் ஏற்றட்டும் என்று கம்ப்யூட்டரிலிருந்து ஃபைல்களை அனுப்ப உதவும் ஃபைல்ஸில்லா சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தேன். திறந்ததுமே, "என்னப்பா, இத்தனை கட்டம்! இதுல எதைத் தொடுறது?" என்று மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

மேலே வியூ மெனுவைத் திறந்து மெசேஜ் லாக், லோக்கல் டைரக்டரி ட்ரீ, ரிமோட் டைரக்டரி ட்ரீ, குயிக்கனெக்ட் பார் ஆகிய நான்கிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். பெரிதாக இரண்டு பட்டியல்தான் மிஞ்சும். இடப்பக்கம் உங்கள் கம்ப்யூட்டர், வலப்பக்கம் வெப்சைட் இருக்கும் சர்வர். "இது வீட்டு முகப்பு, அது உள்ளே இருக்கும் வளவு, இங்கேயிருந்து அங்கே இழுத்துப் போடுங்க சித்தப்பா" என்றதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

அடியில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் க்யூவை மட்டும் மறைக்காதீர்கள். பாதியில் நெட் போனால், ஏறாமல் நின்ற படங்கள் அங்கே ஃபெயில்டு டிரான்ஸ்ஃபர்ஸ் பகுதியில் தெரியும். ரைட் கிளிக் செய்து மறுபடி வரிசையில் சேர்த்துவிடலாம்.

அப்புறம், சர்வர் விவரங்களைச் சேமித்து வைக்கும் சைட் மேனேஜர். அதில் அட்வான்ஸ்டு பகுதியில் இரண்டு பக்க ஃபோல்டர்களையும் ஒருமுறை குறித்து வைத்தால், கனெக்ட் ஆனதும் நேராக அங்கேயே திறக்கும். தேடி அலைய வேண்டாம். சர்வரில் வசதி இருந்தால், ஃபைலைப் பூட்டி அனுப்பும் முறையான எஸ்எஃப்டிபியையே தேர்ந்தெடுங்கள். வெறும் எஃப்டிபியில் பாஸ்வேர்டு அப்படியே திறந்தபடி போகும்.

நேற்று சித்தப்பா யாரையும் கூப்பிடாமல் 12 படம் ஏற்றியிருக்கிறார்.