ஆங்கில ‘வீ’: நாமா, நாங்களா?

ஆங்கில ‘வீ’ (we) என்ற சொல்லைத் தமிழில் எழுதும்முன், கேட்பவரும் அந்தச் செயலில் பங்கு பெற்றவரா என்று பாருங்கள், பங்கு பெற்றவரென்றால் ‘நாம்’, இல்லையென்றால் ‘நாங்கள்’. தமிழ் இரண்டு சொற்களாகப் பிரித்து வைத்திருப்பதை ஆங்கிலம் ஒன்றிலேயே அடக்குவதால், அந்த வேறுபாட்டைச் சூழல்தான் காட்ட வேண்டியிருக்கிறது. ‘வீ மிஸ்ட் த டிரெய்ன்’ என்று நடைமேடையில் உடன் நிற்பவரிடம் சொன்னால் ‘ரயிலை விட்டுவிட்டோமே நாம்’ என்றும், ஊரில் காத்திருப்பவரிடம் தொலைபேசியில் சொன்னால் ‘நாங்கள் ரயிலை விட்டுவிட்டோம்’ என்றும் பொருளாகும். ‘லெட்ஸ் கோ’ என்பது பெரும்பாலும் ‘நாம் போகலாம்’தான், ஆனால் ‘லெட் அஸ் கோ’ என்று விரித்துச் சொன்னால், அது ‘எங்களைப் போக விடுங்கள்’ என்ற மன்றாட்டாகவும் இருக்கலாம்.

பன்மை பெயரளவில் மட்டுமே இருக்கும் இடங்களில் இந்தச் சோதனை உதவாது. செவிலியர் நோயாளியிடம் ‘ஹவ் ஆர் வீ டுடே?’ என்று கேட்கும்போது, அந்த ‘வீ’ நோயாளியை மட்டுமே குறிக்கிறது (சிலருக்கு அது எரிச்சலூட்டுவதும் உண்டு). பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் ‘கிவ் அஸ் எ ஹேண்ட்’ என்று ஒருவர் தனியாக நின்று கேட்டாலும் ‘எனக்குக் கொஞ்சம் கைகொடுங்கள்’ என்றே கொள்ள வேண்டும்.